சங்கிலிக் கோட்டுக்கு உள்ளே

இன்று முக்காலியைக் கோட்டுக்கு உள்ளே போட வேண்டும். தரையில் நாளுக்கு ஒரு கட்டமாக நகர்த்தி நகர்த்தி, நேற்றுக் கோட்டை ஒட்டிக் கொண்டுவந்தாயிற்று. கோடு என்று யாரும் போட்டதில்லை. மூன்று வருஷமாகச் சங்கிலி இழுபட்டு இழுபட்டுப் பின்வாசல் சிமெண்டுத் தரையில் தானாக விழுந்த அரைவட்டம். துருவும் அழுக்கும் ஏறிக் கிடக்கிறது, இனி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்வரை எங்கள் நாய் மைனரால் என்னைத் தொட முடியாது, உள்ளே போனால் அது வைத்ததுதான் சட்டம். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் தெரியாமல் ஒரு காலை உள்ளே வைத்தார். கெண்டைக்காலில் ஏழு தையல். துணி காயப்போட நானே மூன்று வருஷமாக மாடிக்குத்தான் போகிறேன், மூட்டு வலியோடு பதினெட்டுப் படி. என் வீட்டுப் பின்வாசல், என் கொடிக்கயிறு, எனக்கே அனுமதி இல்லை. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். நாய்னா அப்படி இருக்கணும் என்பார். ஒரு கை நாய். ஒரே ஒரு கையில் மட்டும் தின்னும், தரையில் போட்டதைத் தொடாது, எறிந்ததைத் தொடாது, இன்னொரு கை பொன்னையே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. அந்த ஒரு கை இப்போது உள்ளே கட்டிலில், ஜன்னலோரமாக, போர்வைக்கு மேலே கிடக்கிறது. நான் எடுத்து வைத்த இடத்தில் கிடக்கும். மறுபடி எடுத்து வைத்தால் அங்கே கிடக்கும். என் மடியில் சட்டி, சட்டியில் ஆட்டெலும்புச் சாறு விட்டுக் குழையப் பிசைந்த சோறு. மைனர் பதினோரு நாளாக ஒரு பருக்கை தின்னவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது, அதுவும் ஹோஸ் பைப்பை தூரத்தில் இருந்து தொட்டிக்குள் விட்டால். விலா எலும்பை எண்ணலாம். வெள்ளை உடம்பு மஞ்சள் பாரித்துவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மெகருன்னிசா மூன்று முறை ஆள் வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, குளுக்கோஸ் ஏற்றினார். நேற்றுக் கடைசியாக ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், இன்னும் இரண்டு நாள்தான் அம்மா, அதற்கு மேல் ஈரல் தாங்காது என்று. இரண்டு நாளில் ஒன்று நேற்றே போய்விட்டது.

மணி நாலு ஆகிவிட்டது, வெயில் மதிலில் பாதி ஏறிவிட்டது. அவருக்குக் காப்பி ஸ்பூனில் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாயிற்று. டம்ளரும் ஸ்பூனும் இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் இருக்கிறது. பேச்சு போய்விட்டதால் ஏதாவது வேண்டும் என்றால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார், நான் ஓடுவேன். இந்த ஏழு நாளில் எத்தனை தடவை ஓடியிருப்பேன், கணக்கில்லை. தண்ணீருக்கும் அதே தட்டுத்தான், கொசுவுக்கும் அதே தட்டுத்தான், ஒன்றுமில்லாததற்கும் அதே தட்டுத்தான். தட்டினால் நான் மட்டுமா நிமிர்கிறேன், மைனரும் காதை நிமிர்த்தி ஜன்னலைப் பார்க்கிறது. எழுந்து உள்ளே போடு முக்காலியை. போடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் போடுகிறேன். என் பையன் பாண்டியராஜ் ஓசூரில் இருந்து தினமும் ஃபோன் பண்ணுகிறான். யம்மா, அது செத்தா சாகட்டும்மா, நீ அப்பாவப் பாரு என்கிறான். அவன் மேல் தப்பில்லை. முதல் இரண்டு நாள் நானும் அதைத்தான் நினைத்தேன், வாய்விட்டே சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் இதே சட்டியோடு இதே இடத்தில், கோட்டுக்கு உள்ளே, சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். சட்டி உருண்டு வந்து என் காலில் இடித்தது. நான் ஓடினேன், ஓடினால் மைனர் அவர் மேல் நாலு காலையும் அகட்டி நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிறது. அவரைக் காப்பாற்றுகிறதாம். நான் கத்தினேன், பக்கத்து வீட்டில் இருந்து வந்தார்கள், எதிர்வீட்டில் இருந்து வந்தார்கள், எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். அவர் வாய் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தபடி அந்தப் பக்கம் கிடந்தார். சோற்றைக் காட்டிக் கூப்பிட்டால் வருகிற நாயா அது. முக்கால் மணி நேரம். கடைசியில் இரண்டு ஹோஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் அடித்து அதைச் சங்கிலி கட்டியிருக்கிற மரத்தோடு ஒதுக்கி, நான் அவருடைய இரண்டு காலையும் பிடித்து அரிசி மூட்டையை இழுக்கிற மாதிரி கோட்டுக்கு வெளியே இழுத்தேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா அந்தக் கையையாவது காப்பாத்தியிருக்கலாம்மா என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார். நாய் விடவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன்.

அப்படிப்பட்ட நாய்க்கு நான் ஏன் சட்டியை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு இது ரொம்பப் பெரிய மனசாகத் தெரிகிறது. உங்களை மாதிரி எல்லாரும் இருக்க மாட்டாங்கம்மா என்றார். அவரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விளக்கமாகக் கேட்டார், எத்தனை மாதத்தில் வாங்கினீர்கள், யார் யார் தொட்டார்கள், வேறு நாய் பார்த்ததா என்று. யாரும் தொட்டதில்லை, எதையும் பார்த்ததில்லை, அவர் அப்படி வளர்த்துவிட்டார் என்றேன். அவர் வளர்த்தார். நானும் சேர்ந்து வளர்த்தேன் என்று வாயில் வரவில்லை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். குட்டியா இருக்கப்போ பத்து கை தொட்டிருக்கணும், பத்து நாயை மோந்து பாத்திருக்கணும், அந்த வயசுல எல்லாக் கதவையும் சாத்திட்டீங்க, இனி ஒவ்வொண்ணாத்தான் திறக்கணும், முதல்ல ஒரு மனுஷக் கை, ஒரு நாய், அது பழகினப்புறம் அடுத்த கை என்றார். என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது, நாளுக்கு ஒரு கட்டம், அவசரமே கூடாது. கிளம்பும்போது திரும்பி நின்று, ஆனா ஒண்ணும்மா, மத்த கையெல்லாம் இதுக்குப் புதுசு, உங்க கையைப் பாத்தா மட்டும் பயப்படுதே, ஏன் என்றார். தெரியலையே என்றேன். தெரியாதா எனக்கு. எனக்குப் பால்கோவா வாசனை வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே, பின்வாசலில், நாய் மூத்திர நாற்றத்துக்கு நடுவே, சுடச்சுடப் பால்கோவா வாசனை. அதை நினைக்க வேண்டாம். முக்காலியை எடு. எடுத்தேன், எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன், மைனர் தலையைத் தூக்கிப் பார்த்தது, உடனே பார்வையை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. ரோஜா நிற மூக்கு காய்ந்து வெடித்திருக்கிறது. மூக்கின் மேல், வலது பக்கம், முடி முளைக்காத ஒரு சின்னத் தழும்பு. மறுபடியும் முக்காலியைக் கோட்டுக்கு வெளியேயே வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. மணி என்று முன்னால் ஒரு நாய் இருந்தது, நாட்டு நாய், எல்லார் வீட்டிலும் வாலை ஆட்டித் தின்றுவிட்டு வரும். பின்பக்கத்து இடத் தகராறு நடந்த சமயம், ஒரு காலையில் மதில் ஓரம் கறித்துண்டு கிடந்தது. மணி தின்றுவிட்டு மத்தியானம்வரை துடித்தது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர் மணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா செத்தபோதுகூட அழாதவர், அன்றைக்கு அழுதார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் அழுதார். அதற்கு அப்புறம் ஆறு மாதம் கழித்துத்தான் மைனர் வந்தது, இரண்டரை மாதக் குட்டி, அவர் சட்டைப் பையில் காலை விட்டுக்கொண்டு. முதல் நாள் சோற்றைத் தன் நெற்றி வேர்வையில் துடைத்து ஊட்டினார், வேர்வை உள்ளே போனால் நாய் மாறாது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். இந்தா, இங்க வா. முப்பத்தைந்து வருஷத்தில் சீனியம்மாள் என்கிற என் பேரை அவர் வாயில் நான் கேட்டதில்லை, இந்தாதான். வேக வைத்த கறித்துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். குட்டிக்குக் குடு என்றார். நான் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். குட்டி வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது, என் விரலைப் பல் படாமல் நக்கி வாங்கியது. அவர் பின்னால் நின்றிருந்தார், கையில் புளிய விளார். மூக்கில் ஒன்று விழுந்தது. அந்தக் கத்தல் இருக்கிறதே, அது நாய்க்குட்டிக் கத்தல் மாதிரியே இல்லை. ஐயோ பாவங்க என்றேன். பாவம் பாத்துத்தான் மணி போச்சு, நாளைக்கும் இதே நேரம் வா என்றார். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் விஷயம். மறுநாள் அதே நேரம் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். வேற்றுக் கை ஒன்று வேண்டுமாம், வீட்டிலேயே இருக்கிற வேற்றுக் கை நான்தான், பால்காரரைத் தினமும் கூப்பிட முடியுமா. குட்டிக்கு முதல் நான்கு நாள் விளங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் என்னை நம்பி ஓடி வந்தது. அடி விழுந்தால் அவரிடம் ஓடாது, என் காலுக்கு நடுவேதான் வந்து ஒளியும், அடித்தது யார் என்று தெரியாததால். ஏழாம் நாள் வாங்கலாமா வேண்டாமா என்று நின்றது. ஒன்பதாம் நாள் என் கையில் கறி இருக்க, அது உட்கார்ந்து, வாயில் எச்சில் ஒழுக ஒழுக, உடம்பு நடுங்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்துப் போய்ச் சூடாகப் பால்கோவா வாங்கி வந்தார், கால் கிலோ, இலையில் எண்ணெய் கசிந்திருந்தது. எல்லாம் உன்னாலதான் என்றார். கல்யாணமான புதிதில் வாங்கி வந்தது, அப்புறம் அன்றைக்குத்தான். நான் தின்றேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

மதிலின் பின்கதவுக் கம்பிக்கு வெளியே செவலை வந்துவிட்டாள். சந்தில் திரிகிற நாய், ஒரு காது மடிந்து, பால்மடி தொங்கி, நாலு தடவை குட்டி போட்டவள். இவளுக்கு இரண்டு வருஷமாக நான்தான் சோறு போடுகிறேன், அவர் டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து, முன்கதவுக் கம்பி வழியாக, கையில் வைத்தே. தெரிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். அவர் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு விளார் தேவைப்படவில்லை, பார்வை போதும் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். செவலைக்குச் சோறு போடுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்ப இது கண்ணு முன்னாலயே அதுக்குப் போடுங்க, உங்க கையில இன்னொரு நாய் திங்குறதை இது பாக்கட்டும், நாய்க்கு நம்ம சொல்றதைவிட நாய் சொல்றதுதான் ஏறும் என்றார். கோட்டின் ஒரு முனை பின்கதவை ஒட்டித்தான் முடிகிறது. முதல் நாள் செவலையைப் பார்த்து மைனர் சங்கிலி அறுகிற மாதிரிப் பாய்ந்தது, மூன்று வயதில் முதன்முதலாக இன்னொரு நாயைப் பக்கத்தில் பார்க்கிறது. செவலை எதற்கும் அசையவில்லை. இதைவிடப் பெரிய ரவுடிகளை எல்லாம் சந்தில் பார்த்தவள். என் கையில் தின்றுவிட்டு, முகத்தை நக்கிக்கொண்டு, கம்பியோரமே படுத்துவிட்டாள். இரண்டாம் நாள் குரைப்பு மட்டும். மூன்றாம் நாள் முனகல். நான்காம் நாள் செவலை தின்கிறபோது மைனர் என் கையைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. என் பின்னால் யாரும் இல்லை. செவலை தின்று முடிக்கிற வரைக்கும் என் முதுகுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எதைப் பார்க்கிறது என்று யோசிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன், ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன்.

இப்போது உள்ளே போகலாம். எழுந்தேன், முக்காலியைத் தூக்கினேன், கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தேன், இன்னொரு காலையும் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன், ஒரு பக்கம் கம்பிக் கதவும் செவலையும், இன்னொரு பக்கம் மைனர், இரண்டு எட்டு தூரத்தில். சங்கிலி ஒரு தடவை சலசலத்து நின்றது. தொண்டைக்குள் ஓர் உறுமல், அடுத்த தெருவில் லாரி போகிற மாதிரி மெதுவாக, நிற்காமல். இங்கேதான் அவர் விழுந்தார், இந்தக் கட்டத்தில் தலை, அந்தக் கட்டத்தில் செருப்பு. கடித்தால் எங்கே கடிக்கும், கையையா, கையென்றால் வலது கையையா, எனக்கும் வலது கை போய்விட்டால் அவருக்கு யார் ஊட்டுவது. சிரிப்புக்கூட வருகிறது, ஒரு வீட்டுக்கு மொத்தம் ஒரு வலது கைகூட மிஞ்சாது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அதையும் செய்து பார்த்தேன். இங்கே உட்கார ஆரம்பித்த இரண்டாம் நாள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன், வாலை ஆட்டி எழுந்தது, காற்றில் மோந்தது, என் கையைக் கண்டுகொண்டது, உடனே மரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டது. அவரையே சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டருகில் நிறுத்தினோம். இடது கையில் உருண்டையை நீட்டினார், கை ஆடியது. மைனர் அந்த உருண்டையை மோந்துவிட்டு, சேரின் இந்தப் பக்கம் தொங்கின வலது கையை நக்கியது. நக்கிவிட்டு அந்தக் கை நிமிரும் நிமிரும் என்று பார்த்துக்கொண்டே நின்றது. அவர் கொண்டுபோ என்று கண்ணைக் காட்டினார், அதற்குப் பிறகு பின்வாசலுக்கு வர அவர் சம்மதிக்கவில்லை. உள்ளேயும் அதே கதைதானே. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டு நாள் என் கையில் அவர் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டு வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், எச்சில் மட்டும் ஒழுகும். கோபமாக வந்தது, அப்புறம் அந்த முகத்திருப்பலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று கை அப்படியே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் நான் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடி, இட்லியை மட்டும் நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து விரலில் உதடு பட்டது. அதிலிருந்து அப்படித்தான், நான் காலண்டரைப் பார்க்கிறேன், அவர் சாப்பிடுகிறார். அமாவாசை என்றைக்கு, கார்த்திகை என்றைக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இடது கையில் ஒரு உருண்டை, வலது கையில் ஒரு உருண்டை. இடது கையைக் கம்பிக்கு வெளியே விட்டேன், செவலை எழுந்து வந்தாள். வலது கையை மைனர் பக்கம் தாழ்த்தித் தொடைக்குப் பக்கத்தில் வைத்து விரித்தேன். முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டேன். மதிலில் காலண்டர் இல்லை, பாசி இருக்கிறது, ஒரு எறும்பு வரிசை இருக்கிறது. செவலை சளக் சளக்கென்று தின்கிற சத்தம். அடி இல்லை பார், அவளுக்கு அடி விழவில்லை பார். உறுமல் நின்றுவிட்டது. உறுமல் நின்றால் நல்லதா, கடிக்கிற நாய் உறுமாது என்பார்களே. சங்கிலி தரையில் ஒரு கட்டம் நகர்ந்த சத்தம். அப்போது உள்ளே டம்ளர் தட்டியது. டிங் டிங் டிங். எனக்கு உடம்பு தானாக எழுந்துவிட்டது, முக்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். சங்கிலி பின்னால் போயிற்று. தண்ணீரா, மூத்திரமா, தலையணை நழுவிவிட்டதா, மூச்சு ஏதும் அடைக்கிறதா. இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவருடைய நாய் இன்னொரு கையில் தின்னப்போகிறது என்று பொறுக்காமல் தட்டுகிறாரா. போனால் இன்றைய நாள் போயிற்று, நாளைக்குத் தலையைத் தூக்க இதற்குத் தெம்பு இருக்காது. போகாமல் இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால். டிங் டிங். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை. அந்த ஒன்பது நாளும்கூட, கூப்பிட்டார், போனேன். ஒரு நாள், ஏதோ ஒரு நாள், அடுப்பில் வேலை இருக்கிறது, வரமுடியாது என்று சொல்லியிருந்தால். நான் உட்கார்ந்தேன். வாய்விட்டு, சத்தமாக, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி, "செத்த இருங்க, இதுக்குக் குடுத்துட்டு வாரேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. டம்ளர் இன்னும் இரண்டு தடவை தட்டியது, அப்புறம் நின்றுவிட்டது. நின்றதும் அதைவிடப் பயமாக இருந்தது. இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை, கையை மறுபடி விரித்தேன், பாசியைப் பார்த்தேன். எறும்பு வரிசை ஓரிடத்தில் வளைந்து போகிறது, ஏன் வளைகிறது, அங்கே ஒன்றுமில்லையே. செவலை தின்று முடித்து என் இடது விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். சங்கிலி ஒரு கட்டம். நிறுத்தம். இன்னொரு கட்டம். உள்ளங்கையில் மூச்சுப் பட்டது, காய்ச்சல்காரன் மூச்சு மாதிரிச் சூடாக. கை ஆடக் கூடாது, ஆடினால் போயிற்று. முடி போன மூக்குத் தழும்பு என் கட்டைவிரலில் சொரசொரவென்று உரசியது. அதற்கு அப்புறம் நாக்கு. பல் படாமல், மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கின மாதிரியே பல் படாமல், உருண்டை கையை விட்டுப் போயிற்று.

பார்க்கக் கூடாது என்று தெரியும், திரும்பிப் பார்த்துவிட்டேன். விழுங்கிவிட்டு மைனர் தரையோடு தரையாகப் படுத்திருந்தான். காது இரண்டும் பின்னால் ஒட்டியிருந்தன, வால் காலுக்கு நடுவே போயிருந்தது, கண் இரண்டையும் இறுக மூடியிருந்தான், மூக்கை மட்டும் என் காலுக்கு முன்னால் நீட்டி வைத்திருந்தான். எதற்கு இப்படிக் கிடக்கிறான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அப்புறம் விளங்கிற்று. அடிக்குக் காத்திருக்கிறான். சோற்றை வாங்கியாயிற்று, விழ வேண்டியது விழட்டும் என்று மூக்கைக் காட்டிக்கொண்டு கிடக்கிறான். அடி கிடையாது என்று செவலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு இவன் வரவில்லை. பசி தாங்காமல், அடிக்குச் சம்மதித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். என் கையை அவன் மறக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சட்டியில் விழுந்துவிடக் கூடாது என்று தோளில் துடைத்தேன். "அடிக்கிறதுக்கு இங்க யாரும் இல்லடா, தின்னு" என்றேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. மைனர் ஒரு கண்ணைத் திறந்தான், என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எவ்வளவு நேரமாகவோ. மைனர் அவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான், அந்தக் கண் என்ன சொல்கிறது என்று காத்துக்கொண்டு. அவர் ஸ்பூனை டம்ளருக்குள் போட்டார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, தோளை இழுத்து, ரொம்பப் பாடுபட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சுவரில் காலண்டர் இருக்கிறது. நான் இரண்டாவது உருண்டையை உருட்டினேன்.